நாய்த்தோலிற் படரும் பூஞ்சணம்

உரோமம் உதிர்ந்து தோல் வெளியே தெரியும் நாய் எதுவாயினும் நம்மவர் அதற்கு இடும் பெயர் ஒன்றே. சொறிநாய் என்பார்கள். அப்பெயர் விழுந்த பின்னர் அந்த நாய்க்குத் திண்ணையில் இடமில்லை. எச்சிற்சோறும் தூரத்திலிருந்தே எறியப்படும். ஆயினும் மிருக வைத்தியம் கற்றோரை வினவினால், நாம் சொறி என்னும் ஒரு சொல்லுள் அடக்கிவிடுவன ஐந்தாறு வெவ்வேறு நோய்கள் என்பர். தோலைத் துளைத்து வாழும் சிற்றுண்ணியால் வருவது ஒன்று. பற்றீரியாவால் வருவது ஒன்று. தெள்ளுக்கடி ஒவ்வாமையால் வருவது வேறொன்று. உடலின் சுரப்பிகள் குன்றுவதனால் உரோமம் உதிர்வதும் உண்டு. பூஞ்சணத்தால் வரும் நோய் இவை யாவற்றிலும் வேறானது. மருந்தும் வேறு, பரவும் முறையும் வேறு, மனிதரைப் பற்றுமா என்னும் கேள்விக்குரிய விடையும் வேறு.

நான் மிருக வைத்தியன் அல்லன். கலைப்பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலில் நரைத்தவன். மாத்தளை மாவட்டத்தில் அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். எனினும், மழைக்காலம் வந்ததும் பிள்ளைகளின் கழுத்திலும் கையிலும் வட்டவட்டமான தடிப்புகள் தோன்றுவதையும், அவற்றுக்கெல்லாம் வீட்டு நாயே குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்படுவதையும் பல ஆண்டுகளாகக் கண்டு வருகிறேன். அத்தீர்ப்பு எவ்வளவு சரியானது என்று அறியும் ஆவலே இவ்விடயத்தைப் படிக்கவும், அறிந்தோரிடம் கேட்டுத் தெளியவும் என்னைத் தூண்டிற்று.

பூஞ்சணம் என்பது நமக்குப் புதியதன்று. பாடசாலை விஞ்ஞான நூல்கள் பங்கசு என்று அதனைக் கூறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை விடாது பெய்யும்போது, அலுமாரியில் வைத்த தோற்சப்பாத்தின்மேல் சாம்பல் பூத்தாற்போலப் படர்வது அதுவே. பாணின்மேற் பச்சையாய்ப் பூப்பதும், இற்றுப்போன பலாமரத்தில் குடைபிடித்து நிற்பதும் அதன் இனமே. பச்சையம் இல்லாமையால் அது தன் உணவைத் தானே ஆக்கமாட்டாது. பிறவற்றைச் சிதைத்தே உண்ணவேண்டும். மரத்தை உண்பது ஒருவகை. பாணை உண்பது ஒருவகை. உரோமத்தையும் நகத்தையும் தோலின் மேற்படையையும் உண்ணக் கற்றுக்கொண்டவை சில. உரோமமும் நகமும் குளம்பும் கொம்பும் கெரற்றின் என்னும் ஒரே புரதப்பொருளால் ஆனவை. அப்பொருள் எளிதிற் செரியாது. செத்த மாட்டின் இறைச்சி மண்ணோடு மண்ணான பின்னரும் அதன் கொம்பும் உரோமமும் நெடுநாள் கிடப்பதை நாம் காண்கிறோமல்லவா? அத்தகைய வலிய பொருளையும் கரைத்துண்ணும் நொதியத்தை இப்பூஞ்சணங்கள் சுரக்கின்றன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இப்பூஞ்சணம் உயிருள்ள தசையுட் புகுவதில்லை. இறந்துபோன கெரற்றினிலேயே அது வாழ்கிறது. உரோமத்தின் உள்ளே நூலிழைபோல ஓடி, வேரை நோக்கிக் கீழிறங்கும். உயிரணுக்கள் தொடங்கும் எல்லையில் நின்றுவிடும். அவ்வாறு துளைக்கப்பட்ட உரோமம் வலுவிழந்து, தோலின் மட்டத்துக்குச் சற்று மேலே முறிந்துபோகும். அறுவடையான வயலில் தாள் நிற்பதுபோல அவ்விடம் காணப்படுவது அதனாலேயே. தோல் சிவப்பதும் தடிப்பதும் பூஞ்சணத்தின் செயலென்பதிலும், அதனை வெளியேற்ற முயலும் உடலின் எதிர்ப்பு என்பதே பொருந்தும். எதிர்ப்பு நடுவிலே வலுக்க, பூஞ்சணம் இன்னும் பற்றாத வெளிப்புறத்தை நாடி விலகுகிறது. நடு ஆறுகிறது, விளிம்பு படர்கிறது. இவ்வாறே வட்டம் உண்டாகிறது. படர்தாமரை என்று நம் முன்னோர் இதற்குப் பெயரிட்டது எத்துணைப் பொருத்தம்! ஆங்கிலேயர் இதனைப் புழுவின் வேலையென்று கருதி அவ்வாறே பெயர் வைத்தனர். நம்முள்ளும் வண்டுகடி என்று ஒரு பெயர் உண்டு. புழுவும் இல்லை, வண்டும் இல்லை.

பூஞ்சணமே இதற்குக் காரணம் என்பதைக் கண்டறிந்த வரலாறு, மருத்துவ வரலாற்றிற் போதிய புகழ் பெறாத ஒரு பகுதியாகும். நுண்ணுயிர் நோயை உண்டாக்கும் என்று பாஸ்ரர் நிலைநாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே அது நடந்துவிட்டது. 1835இல் இத்தாலியரான அகொஸ்தீனோ பாஸி, பட்டுப்புழுவைக் கொல்லும் வெண்ணோய் ஒரு பூஞ்சணத்தால் வருவதென்று காட்டினார். 1839இல் சேன்லைன் என்னும் செருமானிய மருத்துவர், மனிதனின் தலையில் வரும் பொருக்கு நோயிலும் அத்தகைய இழைகளைக் கண்டார். அவருக்கு முன்பே அவற்றை நுணுக்குக்காட்டியிற் பார்த்தவராகிய றெமாக் என்பவர், ஐயந்தீரத் தம் கையிலேயே அந்நோயை ஏற்றிப் பார்த்தார், நோயும் பற்றிற்று. பாரிசில் வாழ்ந்த அங்கேரிய நாட்டு மருத்துவர் தாவீது குறூபி 1841 முதற் சில ஆண்டுகளுள் படர்தாமரைப் பூஞ்சணங்கள் பலவற்றை விவரித்தார். அக்கால மருத்துவர் பலர் அவர் கூற்றை ஏற்கவில்லை. அரை நூற்றாண்டு கழிந்த பின்னர், சபுறோ என்னும் பிரெஞ்சு மருத்துவரே அக்கண்டுபிடிப்புகளை மீட்டெடுத்து, பூஞ்சணங்களை வளர்ப்பதற்கேற்ற ஊடகமொன்றையும் அமைத்துக் கொடுத்தார். இன்றும் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அவர் பெயரால் வழங்கும் ஊடகத்திலேதான் நாயின் உரோமத்தை இட்டுப் பார்க்கிறார்கள்.

நாயைப் பற்றும் இவ்வினப் பூஞ்சணங்களுள் முதன்மையானவை மூன்று. மூன்றும் மூன்று வாசல்களால் வருகின்றன என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம். முதலாவதன் பெயர் மைக்கிரோசுப்போரம் கானிசு. 1902இல் போதான் என்பவர் இப்பெயரை இட்டார். கானிசு என்றால் இலத்தீனில் நாய். பெயர் நாய்க்கு, ஆனால் அதன் இயல்பான இருப்பிடமோ பூனை. பூனையின் உடலில், குறிப்பாகக் குட்டிகளிலும் நீண்ட உரோமமுடைய இனங்களிலும், வெளித்தெரியாமலே அது தங்கியிருத்தல் கூடும். பெயரினால் நாய் பழிசுமக்க, பூனை மடியிற் படுத்திருக்கிறது. இரண்டாவது, மைக்கிரோசுப்போரம் சிப்சியம் என்று நெடுங்காலம் வழங்கப்பட்டது. அதன் வீடு மண். வளை தோண்டும் நாய்க்கு மூக்கின்மேலும் முன்னங்கால்களிலும் முதலிற் புண் தோன்றுமாயின் இதனை ஐயுறலாம். மூன்றாவது திரைக்கோபைற்றன் வகையைச் சேர்ந்தது. எலி முதலிய கொறிவிலங்குகளிடமிருந்து வருவது. தோட்டத்துக் களஞ்சியத்திலும் கொக்கோ உலர்த்தும் கொட்டிலிலும் எலி பிடித்துத் திரியும் நாய்களுக்கு இதன் தொடர்பு நேரலாம்.

நம் மாவட்டத்தை எண்ணிப் பாருங்கள். இரத்தோட்டை, எல்கடுவைப் பக்கங்களில் மலையும் மூடுபனியும் மழையும். உக்குவளையில் ஈரமும் நிழலும் நிறைந்த வாசனைத் திரவியத் தோட்டங்கள். தம்புள்ளைக்குச் சென்றால் வறள் நிலம். ஈரம் மிக்க இடத்திற் பூஞ்சணம் செழிக்குமென்பது பொதுவிதி. ஆனால் ஈரம் ஒன்றே போதாது. தோலிற் சிறுகீறலாவது, தெள்ளுக்கடியாவது, ஊட்டக்குறைவாவது அதற்குக் கதவைத் திறந்துவிடவேண்டும். தோட்டத்து லயங்களில் ஒரே சாக்கில் ஐந்தாறு குட்டிகள் நனைந்த உடலோடு ஒண்டிக் கிடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தாயின் பால் குறைவு, தெள்ளு நிறைய, சாக்கு உலர்வதேயில்லை. பூஞ்சணத்துக்கு இதனினும் வாய்ப்பான இடம் வேண்டுவதில்லை. நோய் எதிர்ப்பு இன்னும் முற்றாத குட்டிகளையே இது பெரிதும் பற்றும். வளர்ந்து திடமாயிருக்கும் நாயைப் பற்றுதல் அரிது.

இன்னொன்றும் கூறவேண்டும். நாயின் உடலில் வட்டம் காணப்பட்டால் அது படர்தாமரையே என்று முடிவு செய்தல் பிழை. நாய்களில் வட்டமாய் உரோமம் உதிர்வதற்குப் பற்றீரியாத் தொற்றே பெரும்பான்மையும் காரணம் என்பது மிருக வைத்தியர்களின் அனுபவம். சிற்றுண்ணிச் சொறியாயின் நாய் இரவும் பகலும் நிற்காது சொறியும். காதின் ஓரமும் முழங்கை மூட்டும் முதலிற் பொருக்குக் கட்டும். படர்தாமரையிலோ அரிப்புச் சிறிது, சிலவேளை இல்லவேயில்லை. ஆனால் இவை அடையாளங்களேயன்றி நிச்சயங்கள் அல்ல.

படர்தாமரைக்கு முற்றும் வேறான இன்னொரு பூஞ்சண நோயும் நாய்க்கு உண்டு. உண்மையில் நம் நாட்டைப் போன்ற வெப்பமும் ஈரமும் சேர்ந்த நாடுகளில் இதனையே அதிகம் காணலாம். மலசீசியா என்னும் மதுவம் அது. பாண் புளிக்க வைக்கும் மதுவத்தைப் போன்றே ஓரணு உயிர். தோலின் எண்ணெய்ப்பசையை உண்டு, நலமுள்ள நாயின் காதிலும் உதட்டு மடிப்பிலும் விரலிடுக்கிலும் சிறு தொகையில் எப்போதும் வாழ்வது. இதன் பெயரிலே ஒரு வேடிக்கையுண்டு. 1925இல் வைட்மன் என்னும் அமெரிக்கர், தோலுரியும் நோயுற்ற இந்தியக் காண்டாமிருகமொன்றின் உடலிலிருந்து இதனை முதன்முதல் எடுத்தார். ஆதலின் தடித்த தோலினது என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டனர். காண்டாமிருகத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு அது உலகத்து நாய்களின் காதுகளிலெல்லாம் குடியிருக்கிறது.

இம்மதுவம் தானாகப் பகைப்பதில்லை. ஒவ்வாமையால் தோல் அழலும்போதும், எண்ணெய்ப்பசை மிகும்போதும், சுரப்பிகள் குன்றும்போதும் அது கட்டுக்கடங்காது பெருகும். அப்போது நாயின் உடலிலிருந்து ஊசிய எண்ணெய் நாற்றம் வீசும். காதில் கபில நிறமான பிசின் சேரும். கழுத்தின் கீழும் கக்கத்திலும் வயிற்றிலும் தோல் கறுத்துத் தடித்து, யானைத்தோல் போலாகும். நாய் தன் பாதங்களை ஓயாமல் நக்கும். இந்நோய் பிற நாய்க்கோ பிள்ளைக்கோ ஒட்டிக்கொள்ளும் என்று பெரிதும் அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் அடிக்காரணத்தைக் கண்டு நீக்காதவரை, மருந்திட்டால் தணிந்து மருந்தை விட்டால் மீளும். நாற்றத்துக்காகவே துரத்தப்படும் நாய்களுள் எத்தனை இம்மதுவத்தால் வருந்துவனவோ!

இனி, நோயை அறியும் முறைக்கு வருவோம். 1903இல் அமெரிக்கப் பௌதிக அறிஞர் றொபட் வூட் என்பவர், கட்புலனாகும் ஒளியைத் தடுத்து ஊதாக் கடந்த கதிரை மாத்திரம் விடும் கண்ணாடியொன்றை அமைத்தார். 1925இல் பிரெஞ்சு மருத்துவர் இருவர் அவ்விளக்கின் கீழ்ப் படர்தாமரை பற்றிய மயிர் ஒளிர்வதைக் கண்டனர். இருட்டறையில் அவ்விளக்கைப் பிடித்தால், கானிசு வகை பற்றிய உரோமம் இளம்பச்சை நிறமாய் மின்னும். மண்ணிலிருந்து வருவதும் எலியிலிருந்து வருவதும் மின்னுவதில்லை. ஆகவே மின்னினால் ஐயம் வலுக்கும். மின்னாவிட்டால் நோயில்லை என்று கூற முடியாது. களிம்பும் தூசியும் ஒளிர்ந்து கண்ணை ஏமாற்றுவதும் உண்டு. அடுத்து, முறிந்த உரோமத்தைப் பிடுங்கி நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். தோலைச் சுரண்டிச் சிற்றுண்ணி இருக்கிறதா என்றும் பார்ப்பர். முடிவான சோதனை வளர்ப்புச் சோதனையே. அதற்கு இரண்டு மூன்று வாரம் செல்லும்.

மாத்தளையிலுள்ளோர்க்கு இவ்வகையில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. கண்டி வழியாகப் பேராதனைக்குச் செல்வது ஒரு காலைப் பொழுதுப் பயணமே. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. அருகே கன்னொறுவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மாவட்டத்திலேயே அரசாங்க மிருக வைத்திய அலுவலகங்களும் உண்டு. எனினும் தோட்டத்தில் நாட்கூலிக்கு உழைப்பவர், ஒருநாள் சம்பளத்தை இழந்து நாயைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறுவதென்பது சொல்ல எளிது. நடத்துநர் ஏற்றுவாரா என்பதே முதற் கேள்வி. ஆகவே பெரும்பாலோர் கைம்மருந்தை நாடுகின்றனர்.

அக்கைம்மருந்துகளுள் மிகப் பரவலானது, லொறியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஒயில். நாயைக் கட்டிவைத்துக் கழுத்திலிருந்து வால்வரை பூசிவிடுவார்கள். அந்த ஒயிலில் எரிந்த எண்ணெயின் நச்சுப் பொருள்களும் உலோகத் துகள்களும் கலந்திருக்கின்றன. நாய் தன் உடலை நக்குவதை யார் தடுக்கமுடியும்? நக்கியது வயிற்றுட் செல்லும். எஞ்சியது புண்பட்ட தோல்வழி ஊறும். வாந்தியும் வயிற்றோட்டமும் காணும். ஈரலும் சிறுநீரகமும் கேடுறும். குட்டிகள் இறந்துபோவதும் உண்டு. மண்ணெண்ணெய் பூசுவதும் இதற்குக் குறைந்ததன்று. அப்படியாயின் பலர், ஒயில் பூசினேன், மாறிவிட்டது என்கிறார்களே, அது பொய்யா? பொய்யன்று. திடமான நாயின் படர்தாமரை, மருந்து எதுவும் இடாவிட்டாலும் சில வாரங்களிலோ இரண்டு மூன்று மாதங்களிலோ தானாகவே ஆறிவிடுவது. உடலின் எதிர்ப்பே அதனை வெல்கிறது. தானாக ஆறும் நோய்க்கு எதைப் பூசினாலும் பூசியதற்கே புகழ் சேரும். பழைய ஒயிலின் புகழும் அவ்வாறு பெற்றதே என்பது என் துணிபு.

வண்டுகொல்லி என்றும் சீமையகத்தி என்றும் வழங்கும் செடியின் இலையை அரைத்துப் பூசுதல் நம் மரபு. மஞ்சட் பூங்கொத்து மெழுகுவர்த்திபோல நிமிர்ந்து நிற்கும் அச்செடியை நீங்கள் அறிவீர்கள். அவ்விலையிற் பூஞ்சணத்தை அடக்கும் பொருள் உண்டென்பது உண்மையே. மனிதர்க்கு அது ஓரளவு பயன்பட்டும் வந்திருக்கிறது. ஆனால் அதே இலை பேதிமருந்துமாகும். பூசியதை நக்கும் நாய்க்கு என்ன நேருமென்று கூறவேண்டுவதில்லை.

இக்காலத்தில் தக்க மருந்துகள் உள்ளன. பாதித்த இடத்து உரோமத்தை மெல்லக் கத்தரித்து, மைக்கோனசோலும் குளோரெக்சிடினும் சேர்ந்த மருந்துச் சவர்க்கார நீரால் வாரம் இருமுறை நாயை முழுவதும் குளிப்பாட்டுதல் ஒரு முறை. நுரையுடன் 10 நிமிடம் நிற்கவிட்டுப் பின்பு கழுவி, நன்கு உலர்த்தவேண்டும். சுண்ணாம்பும் கந்தகமும் சேர்ந்த கரைசலால் நனைப்பது மற்றொரு முறை. அது அழுகிய முட்டைபோல் நாறும், உரோமத்தை மஞ்சளாக்கும், ஆயினும் பலன் தரும். நோய் பரந்திருந்தால் இற்றாக்கோனசோல், தேபினாபின் முதலிய உள்மருந்துகளை மிருக வைத்தியர் நாயின் நிறைக்கு அளந்து கொடுப்பார். இவ்வுள்மருந்துகளின் மூதாதை கிறிசியோபல்வின். 1939இல் இலண்டனில் ஒரு பச்சைப் பூஞ்சணத்திலிருந்தே அது பிரித்தெடுக்கப்பட்டது. ஏறக்குறைய 20 ஆண்டுகள் மனித மருத்துவத்தில் அதற்கு வேலையில்லை. 1958இல் கினிப்பன்றிகளுக்கு அதனை ஊட்டிய செண்டில்சு என்பவர், வாயால் உண்ட மருந்து உரோமத்திற் சேர்ந்து படர்தாமரையை மாற்றுவதைக் காட்டினார். ஒரு பூஞ்சணமே இன்னொரு பூஞ்சணத்துக்கு மருந்தாயிற்று. சினையுற்ற நாய்க்கு மாத்திரம் அதனைக் கொடுத்தலாகாது. வயிற்றிலுள்ள குட்டிகள் ஊனமுறும்.

நாயின் தோலைவிட வீட்டைச் சுத்தம் செய்வதே கடினம். முறிந்து விழும் ஒவ்வொரு உரோமத்திலும் பூஞ்சணத்தின் வித்திகள் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கும். உலர்ந்த இடத்திற் கிடந்தால் அவை ஓராண்டுக்கு மேலும், 18 மாதம் வரையிலும், உயிரோடிருந்ததை ஆய்வுகூடங்களிற் கண்டிருக்கிறார்கள். எனினும் அவை அங்கே பெருகுவதில்லை என்பது நமக்கு ஆறுதல். கூட்டிப் பெருக்கி உரோமத்தை நீக்கிவிட்டால் பெரும்பங்கு வேலை முடிந்தது. பின்னர்ச் சவர்க்கார நீரால் தரையைத் தேய்த்துக் கழுவி, நீர்கலந்த குளோரின் கரைசலால் துடைக்கவேண்டும். அழுக்கைக் கழுவாமற் குளோரினைத் தெளிப்பது வீண். நாய் கிடந்த சாக்கை எரித்துவிடுதல் நன்று. சீலையாயின் இருமுறை துவைத்து வெயிலிற் காயவிடலாம்.

பிள்ளைகளின் விடயத்துக்கு வருகிறேன். கானிசு வகை நாயிலிருந்தும் பூனையிலிருந்தும் மனிதரைப் பற்றுவது உண்மை. பருவமெய்தாத பிள்ளைகளின் தலைத்தோலை அது விரும்பிப் பற்றும். தலையிற் பற்றினால் களிம்பு பயன்படாது; மயிர்வேரிற் சென்று சேரும் குளிசையே வேண்டும். கவனியாது விட்டால் சீழ்கோத்த கட்டியாய் மாறி, அவ்விடத்தில் நிரந்தர வழுக்கை விழுவதும் உண்டு. ஆனால் நம் பாடசாலைகளிற் காணும் வட்டங்கள் யாவும் நாயால் வந்தவை என்பது தவறு. மனிதரிடமிருந்து மனிதருக்கு, ஒரே துவாய், ஒரே பாய், ஒரே சீப்பின் வழியாகப் பரவும் வகைகளே மிகுதி. கடந்த சில ஆண்டுகளாக இந்தியாவிற் பெருகி, மருந்துக்கு எளிதில் மசியாத படர்தாமரை ஒன்றைப் பற்றி மருத்துவ உலகம் கவலையோடு பேசுகிறது. அதனை உண்டாக்கும் பூஞ்சணத்துக்கு 2020இல் திரைக்கோபைற்றன் இந்தோற்றினியே என்று பெயரிட்டனர். அது பரவுவது பெரும்பாலும் மனிதரிடையேயாம். ஸ்ரீரொயிட்டுக் கலந்த களிம்புகளை வைத்தியர் ஆலோசனையின்றிப் பூசுவது அந்நிலைக்குத் துணைசெய்தது என்பது பல தோல் மருத்துவர்களின் கருத்து. அக்களிம்பு சிவப்பையும் அரிப்பையும் உடனே தணிக்கும். தணிவது உடலின் எதிர்ப்பேயன்றிப் பூஞ்சணமன்று. காவல் உறங்க, கள்வன் தாராளமாய் நடமாடுகிறான்.

எங்கள் பாடசாலையில் 4ஆம் தரத்துச் சிறுவன் ஒருவனுக்கு இதுவே நேர்ந்தது. கழுத்தில் ஒரு வட்டம். ஒரு மருந்துக் கடையில் வாங்கிய களிம்பை மூன்று வாரம் பூசினார்கள். முதல்வாரம் மங்கிற்று, மூன்றாம் வாரம் தோள்வரை படர்ந்து, தலையிலும் ஓரிடத்தில் மயிர் முறியலாயிற்று. வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. அதன் நெற்றியிலும் உரோமம் இல்லை. தந்தை அதைச் சாக்கிலிட்டுத் தம்புள்ளை வீதியிலே காட்டோரம் விட்டுவர முடிவு செய்திருந்தார். நான் தடுத்துப் பேசியபோது, “சேர், புள்ளயா நாயான்னு கேட்டா நான் என்ன சொல்ல?” என்றார். அக்கேள்விக்கு என்னிடம் விடையில்லை. அவர் பேச்சிற் கொடுமை இல்லை, அச்சமே இருந்தது. பகல் முழுவதும் இருவரும் மலையில். பிள்ளைக்குத் துணை அந்தக் குட்டிதான் என்பதையும் அவரே கூறினார்.

சிறுவனை மாத்தளை வைத்தியசாலைக்கு அனுப்பினோம். மிருக வைத்தியர் ஒருவர் அன்புகூர்ந்து விளக்குடன் லயத்துக்கு வந்தார். கதவையும் யன்னலையும் சாக்கால் மறைத்து இருளாக்கினோம். குட்டியின் நெற்றியில் பச்சை ஒளி தெரிந்தது. வந்தவர் அத்துடன் நில்லாமல், வீட்டில் வேறென்ன பிராணிகள் உண்டென்று கேட்டார். அடுப்படியில் ஒரு பூனை படுத்திருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத கொழுத்த பூனை. விளக்கை அதன் முகத்தருகே கொண்டு சென்றபோது காதின் அடியிலும் மீசையோரத்திலும் பச்சைப் புள்ளிகள் மின்னின. நாய்க்குட்டியைச் சாக்கிலிட்டுக் கொண்டுபோய் விட்டிருந்தால், நோயின் ஊற்று அடுப்படியிலேயே இருந்திருக்கும். பின்னர் வந்த வளர்ப்புச் சோதனையும் கானிசு என்றே கூறிற்று.

நாயை வெளியேற்றுவது நோயை வெளியேற்றுவதாகாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கைவிடப்பட்ட குட்டி அடுத்த லயத்திலோ சந்தையிலோ வேறு பிள்ளைகளிடம் சேரும். விசர்நோய்த் தடுப்பூசியும் பெறாது திரியும். படர்தாமரை உயிரைக் கொல்லாது, விசர்நாய்க்கடியோ கொல்லும். ஆகவே தெருநாயின் புண்ணைப் பார்க்க முனைவோர் முதலிற் கடிபடாமற் காத்துக்கொள்ளவேண்டும்.

நம் மரபில் நாய் இழிந்ததென்று மாத்திரம் கருதப்படவில்லை. வைரவப் பெருமானுக்கு அது வாகனம். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. இறந்துபட்ட வீரனோடு கோவிவன் என்னும் அவனது நாயின் உருவும் பெயரும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். இது இங்கே சற்று விலகிய செய்திதான்; ஆயினும் கல்லில் நாய்க்குப் பெயர் பொறித்த ஊர்களும் நமக்குண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வது என் வழக்கம்.

பாடசாலைகளுக்கு ஒரு சொல். படர்தாமரை கண்ட பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்திவைப்பது தேவையற்றது. சிகிச்சை தொடங்கிய பின்னர் புண்ணை மூடிக்கொண்டு பாடசாலைக்கு வரலாம். தொப்பி, சீப்பு, துவாய் ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்ளாதிருந்தாற் போதும். நாய்க்குட்டியையும் அவ்வாறே கொல்லைப்புறத்தில் ஒரு மூலையிற் கட்டி, மருந்திடுவோர் கையுறையோ, அது இல்லையேல் கடைப்பையோ கையிற் போட்டுக்கொண்டு தொட்டு, பின்பு சவர்க்காரமிட்டுக் கைகழுவவேண்டும். பிள்ளைகள் அதுவரை குட்டியை எடுத்துக் கொஞ்சுவதை நிறுத்தவேண்டும். வீட்டிலுள்ள பூனை, முயல் முதலிய எல்லாவற்றையும் ஒருமிக்கச் சோதிக்கவேண்டும்.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதிலேயே பலர் தவறுகின்றனர். உரோமம் முளைத்துவிட்டது, புண் ஆறிவிட்டது என்று நாலாம் வாரத்திற் கைவிடுவர். புதிய உரோமத்தின் இடையிலும் வித்திகள் இருக்கக்கூடும். மேற்கூறிய லயத்திற் குட்டியின் நெற்றி ஐந்தாம் வாரத்தில் நன்றாக மூடிக்கொண்டது. ஆனால் புதிய பற்றூரிகையால் உடல் முழுவதும் வாரி எடுத்த உரோமத்தை வளர்ப்புக்கு இட்டபோது பூஞ்சணம் மீண்டும் முளைத்தது. இன்னும் ஒரு மாதம் குளிப்பாட்டச் சொன்னார்கள். அடுத்த சோதனையில் நாய்க்குட்டி தேறிவிட்டது. பூனைக்கு மேலும் மூன்று வாரம் சென்றது.